ஏணி பிடிக்க வராதவர்

பெண்ணாடத்தில் நடராசனுக்குப் பொம்பளை இருக்கிறாள் என்று எதிர்வீட்டு அமிர்தம் சொல்லிவிட்டால் இருந்துவிடுமா? அமிர்தம் பெண்ணாடத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கரும்பு லாரியின் மேலே உட்கார்ந்து போனபோது. நடராசன் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினார். கையில் மஞ்சள் பை இருந்தது. பை கனமாக இருந்தது. அவள் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். பைக்குள் பட்டுப்புடவை இருந்தது என்று சேர்த்துக்கொண்டது அவளுடைய வாய்.

பைக்குள் இருந்தது புடவை இல்லை, புத்தகம். அட்டை நைந்துபோன ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம்.

"அப்ப ஏன் எட்டு மாசமா திரும்பி வரல?" என்று தெருக்குழாயடியில் அமிர்தம் கேட்டாள். சொர்ணாம்பாளைப் பார்த்துக் கேட்கவில்லை, தன் குடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் சொர்ணாம்பாள். "மாயவன் வூட்டுப் பின்கட்டுல இருக்காரு. கரும்பு எடை போடற எடத்துல சீட்டு எழுதறாரு. மாசத்துக்கு ஒரு கார்டு வருது. சொல்ல வேண்டியத சொல்லிட்டேன், மாயவனுக்குத் தொணையா இங்கயே இருக்கேன்னு மொதக் கார்டுலயே எழுதிட்டாரு. தபால்காரருதான் படிச்சு சொல்றாரு. நீ வேணும்னா அவரையே கேட்டுக்க."

"மாயவன் பொண்டாட்டி பாஞ்சாலை நல்லா செவப்பா இருப்பா இல்ல?"

சொர்ணாம்பாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இங்க பாரு அமிர்தம். என் புருஷனப் பத்தி என்ன வேணாலும் பேசு, கேட்டுக்கறேன். அந்தப் பொண்ணப் பத்திப் பேசாத. அவ வூட்டு வாசப்படிய மிதிக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்ல."

அவ்வளவு சொன்னது தப்பாகப் போயிற்று. ஏன் மூஞ்சி இல்லை என்று அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். எல்லாமே தப்பான காரணம். சரியான காரணத்தைச் சொல்லிவிட்டால் போயிற்று. நடராசன் தப்பே செய்யாதவர் என்று யாரும் வக்காலத்து வாங்க வரவில்லை. செய்தார். செய்த தப்புக்கு மனிதன் பேச்சு வாங்கலாம், செய்யாததற்கு எதற்கு வாங்க வேண்டும்? செய்ததிலும் பாதி அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தவளுடையது. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நடராசனுக்கு விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற மங்களூர்ப் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர். விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகள் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில் சுப்புராயனின் யூனிட்டில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தார். ஊறுகாய் ஜாடி, கரண்டுக்கு வைக்கிற ஃபியூஸ் கட்டை, நவராத்திரிக்கு முன்னால் மூன்று மாதம் பொம்மை. அதுதான் அங்கே வேலை. சொர்ணாம்பாளும் அங்கேதான் பொம்மைகளுக்கு ஓரம் சீவினாள். அச்சைப் பிரித்து எடுத்ததும் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும். பிறகு பொம்மை மாயவனிடம் போகும். மாயவன் கண் எழுதுகிறவன். மூன்று மயிர் உள்ள பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரு இழுப்பு இழுத்தானென்றால் பொம்மை பார்க்க ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு இருநூறு ஜோடிக் கண். நடராசனைவிட ஆறு வயது சின்னவன். அண்ணே, அண்ணி என்று அந்த வீட்டிலேயே பாதி நேரம் கிடப்பான்.

அறுபத்து மூன்றாம் வருஷம், ரயில்வேயில் கார்டாக இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. சாமான்களை விற்றார்கள். சுப்புராயன் அங்கேயிருந்து ஒரு பீங்கான் பொம்மையைத் தூக்கிவந்தார். குடை மாதிரி விரிந்த பாவாடை, தலையில் நாடா கட்டிய தொப்பி, காலடியில் ஒரு ஆட்டுக்குட்டி. வெள்ளைக்காரப் பெண். சுப்புராயன் அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கச் சொன்னார். பாவாடைக்குப் புடவைக் கரை போட்டார்கள். தொப்பிக்குக் கறுப்பு அடித்ததும் கொண்டை ஆயிற்று. நெற்றியில் மாயவன் பொட்டு வைத்தான். அந்த வருஷம் அதிகமாக விற்றது அதுதான். மதுரை வரைக்கும் போயிற்று. பாவாடைக்கு அடியில் பூட்ஸ் மட்டும் மறைக்க முடியவில்லை. மாயவன் அதன்மேல் தோல் நிறம் பூசி, விரலுக்கு நாலு கோடு கிழித்துவிட்டான். யாரும் குனிந்து காலைப் பார்க்கவில்லை.

அதே வீட்டிலிருந்து நடராசன் ஒரு கோணிப்பை நிறையப் புத்தகம் வாங்கிவந்தார். அதில் ஒன்றுதான் அந்தப் புத்தகம். முன்தாள் கிழிந்து போயிருந்ததால் எழுதியவன் பேரும் இல்லை, கதையின் பேரும் இல்லை. விக்டோரியா ராணி காலத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்குப் பரிசாகக் கொடுத்தது என்று உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துச் சொன்னார்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு படிப்பகம் இருந்தது. கட்சிக்காரர்கள் நடத்தியது. ராஜாங்கம் என்பவர் செயலாளர். சாயங்காலமானால் யூனிட்டு ஆட்களும் லோடு ஆட்களும் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை படிக்கிற முறை நடராசனுடையது. ஒரு நாள் பேப்பர் வரவில்லை. வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசில்லாமல், அந்த இங்கிலீஷ் கதையின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொன்னார். சொல்லும்போதே பேரை எல்லாம் மாற்றிவிட்டார்.

இங்கிலீஷில் இருந்தது இது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தேசத்துக்குக் கடல் தாண்டி வேற்று ஆட்கள் குதிரையில் வந்து இறங்குகிறார்கள். கோட்டை அவர்களுடையது, சட்டம் அவர்களுடையது, சபையில் பேசுகிற மொழியும் அவர்களுடையது. ஊர்க்காரன் தன் பேச்சைப் பேசினால் சிரிக்கிறார்கள். உப்பளம் வைத்திருந்த ஒருவனின் மகன் எதிர்த்து நிற்கிறான். நடராசனின் வாயில் அவன் இளந்திரையன் ஆனான். உப்பளம் பரங்கிப்பேட்டைப் பக்கம் வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தவர்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள் ஆனார்கள்.

இந்தி வரப்போகிறது என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. கேட்டவர்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எந்தக் காலத்துல நடந்துதுங்க இது?" என்று ராஜாங்கம் கேட்டார்.

"பழைய காலம்."

"செப்பேட்டுல கெடச்சுதா?"

நடராசன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவரும் அப்படியே விட்டுவிட்டார். ஆரம்பித்தது அங்கேதான்.

ஒவ்வொரு அத்தியாயமும் முதலில் சொர்ணாம்பாளுக்குத்தான். அவள் அரிசியில் கல் பொறுக்குவாள், அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுவார். எழுத்துத் தெரியாதவள்தானே என்று அவர் எதையும் தாண்டிப் போக முடியாது. எங்கே தாண்டினார் என்று கேட்டுவிடுவாள். உப்பளத்தில் பெண்கள் வேலை செய்வார்களே, அவர்கள் எங்கே என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதையில் பெண்கள் வந்தார்கள்.

அறுபத்து நாலு தீபாவளி கழிந்து கடைசி அத்தியாயம் வந்தது. அதைச் சொல்லிவிட்டு நடராசன் புத்தகத்தை மூடினார்.

"என்ன, அவ்வளவுதானா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"அவ்வளவுதான். ராஜா முன்னால மண்டி போடறான். நெலம் திரும்பக் கெடைக்குது. அவங்க பொண்ணையே கட்டிக்கறான். பொறந்த புள்ள ரெண்டு பாஷையும் பேசுது. ஜெயிச்சவனும் தோத்தவனும் ஒண்ணாக் கலந்து இங்கிலீஷ்காரன்னு ஒரு ஜாதி ஆயிட்டோம்னு முடிக்கிறான்."

"தோத்தவன் பேச்சு என்ன ஆச்சு?"

"அதுவும் கலந்துபோச்சாம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இத எப்ப எழுதினான்னு சொன்னீங்க?"

"விக்டோரியா ராணி காலத்துல."

"அப்பத்தானே நம்ப ஊர அவங்க புடிச்சு வச்சிருந்தாங்க? நம்மள இங்க அழுத்தி வச்சிக்கிட்டு, தோத்துப்போன தன் பாட்டனுக்காக அங்க உக்காந்து கண்ணீர் வுட்டு எழுதியிருக்கான்."

நடராசன் புத்தகத்தின் நைந்த அட்டையைத் தடவினார். "அவனுக்கு அவன் ஜாதி யாருன்னு ஒரு பெருமை வேண்டியிருந்திருக்குது, சொர்ணம். பாதி ஒலகம் கையில இருக்கறப்ப, நாம யாருன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு கதை வேணும்ல?"

"அது அவன் கவலை. நீங்க இத அங்க போயிப் படிக்காதீங்க. மண்டி போட்டான்னு சொன்னா அந்தப் புள்ளைங்க மனசு ஒடஞ்சுபோயிடும். மாத்திடுங்க."

"முடிவையே மாத்தறதா?"

"பேர மாத்தினீங்க, ஊர மாத்தினீங்க. பொம்மைக்குப் பொட்டு வச்சா நம்ப ஊருப் பொம்பள ஆவுதில்ல? பூட்ஸ் மட்டும் தெரியாமப் பாத்துக்குங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பீங்கான் ஊரில் பிழைக்கிறவர்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. அச்சு யாருடையதாக இருந்தால் என்ன, வர்ணம் நம்முடையது. அவரும் ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் இளந்திரையன் மண்டி போடவில்லை. கோட்டைச் சுவரில் ஏணி வைத்து ஏறினான். கீழே செம்பியன் என்ற ஒரு தோழன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோளில் அம்பு தைத்தது. பிடியை விடவில்லை. இளந்திரையன் மேலே போய்ப் பகைவன் கொடியை இறக்குகிற வரைக்கும் செம்பியன் அப்படியே நின்றான். முந்நூறு பக்கக் கதையில் நடராசன் தானாக, சொந்தமாக உண்டாக்கியது அந்தச் செம்பியன் ஒருவனைத்தான்.

படித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. மாயவன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டு மாதத்தில் அறுபத்தைந்து ஜனவரி வந்துவிட்டது. குடியரசு நாளுக்கு வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி என்று முடிவானது. கிழிந்த குடைத் துணியைச் சொர்ணாம்பாளே வாசலில் கட்டினாள். குடியரசு நாளுக்கு முந்தின நாள், இருபத்தைந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிப்பது என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டார்கள். பலகை உயரம். யூனிட்டில் சூளைக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கும் மூங்கில் ஏணியை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

"நான் ஏறறேன்," என்றான் மாயவன். "அண்ணன் ஏணி புடிப்பாரு. வேற யாரும் புடிக்க வேணாம்."

"புடிக்கறேன்," என்றார் நடராசன்.

அன்று காலை அவர் குளித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தபோது சொர்ணாம்பாள் கதவில் சாய்ந்து நின்றாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவளுக்கு எட்டு மாதம். "இந்த வயித்தோட என்னை அனாதையா வுட்டுட்டுப் போவீங்களா?" என்றாள். பிள்ளைத்தாய்ச்சி என்பது சாக்கு. பக்கத்தில் இரண்டு பொம்பளைகள் துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் பயம், அவ்வளவுதான். பயத்தைப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு வயிற்றைக் காட்டினாள்.

நடராசன் நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. அவள் கதவை விட்டு நகர்ந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். ஒரு பானை தண்ணீர் கொதிக்கிற நேரம் கதவுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. கையை நீட்டினால் திறந்துகொள்ளலாம். அவர் நீட்டவில்லை.

அஞ்சரை மணிக்கு ராஜாங்கம் சன்னலண்டை வந்து கூப்பிட்டார்.

"அவருக்கு ராத்திரியிலேந்து ஜுரம்," என்றாள் சொர்ணாம்பாள். "கண்ணே தொறக்கல."

ராஜாங்கம் எட்டிப் பார்ப்பாரோ என்று பயந்து, ஒரு துணியை நனைத்து அவர் நெற்றியில் போட்டாள். அவர் படுத்துக்கொண்டார். குளித்த தலை காயாமல் இருந்ததால் துணி ஈரமும் தலை ஈரமும் ஒன்றாகிப் போயிற்று.

ஸ்டேஷனில் ஏணியை ராஜாங்கம்தான் பிடித்தார். மாயவன் இரண்டு எழுத்தை அழித்து மூன்றாவது எழுத்துக்குப் போகும்போது ரோட்டில் போலீஸ் லாரி சத்தம் கேட்டது. கூட இருந்தவர்கள் சிதறினார்கள். ராஜாங்கமும் ஓடினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் பிடிக்க வந்தவர் இல்லை. ஏணி சரிந்தது. மாயவன் தார் டப்பாவோடு பிளாட்பாரத்துக் கல்லில் விழுந்தான். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது.

அன்று மத்தியானம் நடராசனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஜுரக்காரருக்கு ரொட்டிப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். மாயவனைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்க எந்திரிக்காதீங்க, படுங்க," என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனார்கள். கட்டுப் போட்ட கையோடு மாயவனைக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜெயிலிலிருந்து அவன் சொல்லியனுப்பிய முதல் செய்தி, அண்ணனுக்கு ஜுரம் விட்டதா என்பதுதான்.

அந்த ரொட்டியை அந்த வீட்டில் யாரும் தின்னவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. பூசணம் பூத்தபிறகு சொர்ணாம்பாள் கொண்டுபோய் மணிமுத்தாற்றில் போட்டாள். குழந்தை பிறந்தது. பெண். அம்புஜவல்லி என்று பேர் வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மாயவன் வந்தான். மணிக்கட்டு மடங்கவில்லை. இருந்தாலும் பிரஷ்ஷை எடுத்தான். முதல் சூளைக்கு முப்பது பொம்மை எழுதினான். முப்பதும் ஒரு கண் ஒரு பக்கம், இன்னொரு கண் வேறு பக்கம் பார்த்தன. சுப்புராயன் திட்டவில்லை. களிமண் சுமக்கிற வேலை தருகிறேன் என்றார். மாயவன் நாலு நாள் சுமந்துவிட்டு, பாஞ்சாலையின் ஊரான பெண்ணாடத்துக்கே போய்விட்டான். அந்த முப்பதையும் உடைத்துப் போடச் சொன்னார்கள். சொர்ணாம்பாள் ஒன்றை மட்டும் முந்தானைக்குள் வைத்து எடுத்துவந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அலமாரியில் வைத்த இடத்திலிருந்து அந்தப் பொம்மையின் ஒரு கண் எப்போதும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. அந்த வெள்ளைக்காரப் பொம்மைக்கு அந்த வருஷம் கறுப்பும் சிவப்புமாகக் கரை போட்டார்கள். ஜெயிலுக்குப் போன மாயவன் தியாகி ஆனான். கதை சொன்ன நடராசன் எழுத்தாளர் ஆனார். மூங்கில் ஏணியைப் படிப்பகத்தில் சாத்திவைத்து, வருஷா வருஷம் ஜனவரியில் மாலை போட்டார்கள். பொங்கல் வந்தால் மாயவன் கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். மகன் பிறந்தபோது இளந்திரையன் என்றே பேர் வைத்தான். நடராசன் அவனோடு சேர்ந்து சாப்பிட உட்காருவார், பாதியில் எழுந்துவிடுவார். "அண்ணனுக்கு இன்னும் அந்த ஜுரம் முழுசா வுடல போல இருக்குது, அண்ணி," என்பான் மாயவன் சிரித்துக்கொண்டே. சொர்ணாம்பாள் குழம்பு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

எழுபத்திரண்டு கடைசியில் ராஜாங்கம் ஒரு யோசனை கொண்டுவந்தார். இளந்திரையன் கதையைப் புத்தகமாக அச்சடித்து, ஜனவரி இருபத்தைந்தாம் தேதி மேடையில் வெளியிடுவது. நடராசன் வேண்டாம் என்று பல தடவை சொன்னார். அதையும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். படிப்பகத்தில் படிப்பதற்காக அவர் தமிழில் எழுதிவைத்த நோட்டு ராஜாங்கத்திடம் ஏற்கெனவே இருந்தது. அட்டையை அச்சடித்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சொர்ணாம்பாள் அதை வாங்கிப் பார்த்தாள். "இதுல எது உங்க பேரு?"

அவர் காட்டினார். அஞ்சு எழுத்து. கட்டின நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரை அவள் விரலால் தொட்டாள். மை விரலில் ஒட்டியது. புடவையில் துடைத்தாள், போகவில்லை.

"பொங்கலுக்கு மாயவன் வருவான்," என்றார் ராஜாங்கம். "அவன்கிட்டயும் சொல்லிடறேன். மேடையில அந்த ஏணிய நிறுத்தறோம். மாயவன் மூணு படி ஏறி நிக்கணும். நீங்க கீழ புடிச்சிக்கிட்டு நிக்கணும். போட்டோ புடிக்க கடலூர்லேந்து ஆளு வரான். அன்னிக்கு ஜுரத்தால கெட்டுப்போனது இன்னிக்காவது நடக்கட்டும்."

பொங்கலுக்கு மாயவன் வந்தான். கரும்பை வாசலில் சாத்திவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கூடத்தில் நின்றபடியே பேசினான்.

"அண்ணே, ராஜாங்கம் அண்ணன் சொன்னாரு. எனக்கு அந்தப் போட்டோ வேணும். ஜெயில்ல கை வலி தாங்காதப்ப நான் இளந்திரையன நெனச்சுக்கல. செம்பியனத்தான் நெனச்சுக்குவேன். அம்பு தச்சும் கைய வுடாம நின்னான் பாருங்க. நீங்க எழுதினது ஆச்சே. அன்னிக்கு உங்களுக்கு மட்டும் ஒடம்பு நல்லா இருந்திருந்தா என் கை இப்படி ஆயிருக்காது. அது எனக்குத் தெரியும். அதனாலதான் இந்தக் கையப் பாக்கறப்பல்லாம் எனக்கு ஆத்திரமே வரல."

நடராசன் அவனோடு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். பத்து நாள் போயிற்று. யூனிட்டுக்குப் போவார், வருவார், சாப்பாட்டை அளைந்துவிட்டுக் கையைக் கழுவுவார். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"நாளைக்குக் காலையில பெண்ணாடம் போறேன். மாயவன் இங்க வந்து மேடையேறதுக்கு முன்னால சொல்லிடணும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"கதை என்னுது இல்லன்னு. செம்பியன் மட்டும்தான் என்னுதுன்னு. ஜுரம் இல்லன்னு."

"எட்டு வருஷம் ஆச்சு. இப்பப் போயி சொல்லி அவன் கை சரியாவப் போவுதா?" சொர்ணாம்பாளுக்குக் குரல் ஏறியது. "ஊரு சிரிக்கும். அம்புஜத்த இஸ்கூல்ல கேப்பாங்க. அவனும் உங்க மூஞ்சியில காறித் துப்புவான். எதுக்கு இது?"

"துப்பட்டும்."

"ஜுரம்னு சொன்னது நானு. நீங்க சொல்லல."

"தாழ்ப்பா உள்பக்கம் இருந்துது, சொர்ணம்," என்றார்.

மறுநாள் காலை, அதே நேரம், அவர் குளித்துவிட்டு வந்தார். அலமாரியில் இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடினார். அது அங்கே இல்லை. ராஜாங்கம் முதல் தடவை அச்சு என்று பேச்செடுத்த அன்றே சொர்ணாம்பாள் அதை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். அவர் பெட்டியைத் திறந்தார், பரணில் தடவினார். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் தெரியாது என்று சொல்லியிருப்பாள். ஒரு பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று பெரிதில்லை.

தேடி முடித்துவிட்டு வெறுங்கையோடு கூடத்தில் நின்றார். அலமாரியிலிருந்து அந்தப் பொம்மை ஒரு கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கண் அடுப்படிப் பக்கம் இருந்தது.

சொர்ணாம்பாள் எழுந்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தாளுக்கு நடுவில் அரிசி சிக்கியிருந்தது. தட்டினாள், முழுக்கப் போகவில்லை. மஞ்சள் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் கூட வா என்று சொல்லவில்லை. நானும் வரேன் என்று அவளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஜுரம் என்று சொன்னவள் போய், ஜுரம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பாஞ்சாலையின் முகம் கண்ணில் வந்தது. கால் நகரவில்லை. அமிர்தத்துக்கும் தெருவுக்கும் தெரிய வேண்டியது இதுதான். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேர் கிளம்ப வேண்டும். கிளம்பியது ஒருவர்.

கதவண்டை போய் அவர் நின்றார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் கையை நீட்டினார். அவள் வந்து எடுத்துவிடுவாளோ என்று திரும்பிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அது அவர் திறக்க வேண்டிய கதவு.

"ஆறு மணி பஸ்ஸு போயிடும்," என்றாள்.

அவர் தாழ்ப்பாளை நீக்கினார். "போயிட்டு வரேன்," என்றார். வாசல் இறங்கும்போது பைக்குள்ளிருந்து இரண்டு அரிசி படியில் விழுந்தது. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அமிர்தம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.